‘விந்தணு இல்லை’ என்ற அறிக்கைக்குப் பின்: அம்பாசமுத்திரம் பக்கத்துத் தம்பதியின் நிகழ்வு ஆய்வு

விந்துப் பரிசோதனை அறிக்கையில் ‘விந்தணு காணப்படவில்லை’ என்று ஒரு வரி வந்துவிட்டால் போதும், அடுத்த பேச்சே கொடையாளர் விந்து பற்றியதாகிவிடுகிறது. திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களிலிருந்து பாளையங்கோட்டைக்கு வரும் தம்பதிகள் பலரிடம் இதைப் பார்க்கிறேன். காய்ச்சல் என்பது எப்படி ஒரு நோயின் பெயர் இல்லையோ, அதேபோல அந்த வரியும் நோயின் பெயர் இல்லை. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தேட வேண்டும். தேடினால் சிலருக்கு ஊசி மருந்திலேயே விந்தணு உற்பத்தி தொடங்கிவிடும். அப்படி ஒருவரின் நிகழ்வை, அவரும் அவர் மனைவியும் சம்மதித்த பிறகு எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

வந்தபோது

மனைவிக்கு 27 வயது, கணவருக்கு 32. கல்யாணமாகி ஐந்து வருடம். சொந்தத்தில் இல்லை, அசலில் கட்டியது. கணவர் ஒரு புழுங்கல் அரிசி ஆலையில் கணக்கு பார்க்கிறார். மனைவி அந்த வட்டாரத்துப் பெண்கள் பலரையும் போல வீட்டிலிருந்தே பீடி சுற்றுகிறார். செங்கோட்டை ரயிலில் ஏறி நெல்லை சந்திப்பில் இறங்கி, பஸ் பிடித்து வந்திருந்தார்கள். கூடவே மாமியாரும்.

மனைவியின் கோப்பு கனமாக இருந்தது. கருமுட்டை வளர்வதற்கான லெட்ரோசோல் மாத்திரைச் சீட்டுகள், முட்டையின் அளவை நாள்வாரியாக எழுதிய ஸ்கேன் குறிப்புகள், தைராய்டு, புரோலாக்டின் அறிக்கைகள் எல்லாம் அதில் இருந்தன. கருக்குழாய் அடைப்பைப் பார்க்கும் எக்ஸ்ரேயை இரண்டு முறை எடுத்திருந்தார்கள். மருந்து ஏற்றும்போது அடிவயிற்றைப் பிடித்து இழுக்கும் அந்தப் பரிசோதனையை ஒரு பெண்ணுக்கு இரண்டு முறை ஏன் செய்தார்கள் என்பதற்குக் கோப்பில் காரணம் எதுவும் இல்லை. இரண்டு முறையும் குழாய்கள் திறந்தே இருந்தன. மாதவிலக்கு 28 முதல் 30 நாளுக்குள் தவறாமல் வருகிறது. கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். 3.2. அவரிடம் எந்தக் குறையும் இல்லை.

கணவருக்கு என்று அந்தக் கோப்பில் இருந்தவை இரண்டே தாள்கள். இரண்டும் கடைசி வருடத்தில் எடுத்த விந்துப் பரிசோதனைகள். அளவு 1.1 மில்லி, சுழற்றிப் படியவைத்துப் பார்த்தும் விந்தணு இல்லை. அவரை யாரும் உடல் பரிசோதனை செய்ததாகக் குறிப்பு இல்லை, ரத்தத்தில் ஹார்மோன் பார்க்கவும் இல்லை. இரண்டாவது தாளின் ஓரத்தில், கொடையாளர் விந்து பற்றிச் சொல்லியாயிற்று என்று கையால் எழுதியிருந்தது.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்கவில்லை என்றால் சோதனையைத் தொடங்க வேண்டும், பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே. தொடங்கும்போது இருவருக்கும் சேர்த்தே தொடங்க வேண்டும். விந்துப் பரிசோதனைக்கு வலியில்லை, அறுவை இல்லை, ஒரு காலை நேரம் போதும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டின்படி மில்லிக்கு 1 கோடியே 60 லட்சம் அணுக்களும் 42 சதவீத அசைவும் கீழ் எல்லைகள். குறைந்தது இரண்டு நாள், அதிகம் போனால் ஏழு நாள் உறவைத் தவிர்த்துவிட்டு மாதிரி கொடுக்க வேண்டும். இவ்வளவு எளிய சோதனையைக் கடைசியில் தள்ளிவிட்டு, மூன்று வருடமாக ஒரு பெண்ணுக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாமியார் நர்ஸிடம், “இவ வயித்துலதான் ஏதோ கோளாறு, நல்லாப் பாக்கச் சொல்லும்மா” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கணவரைப் பரிசோதித்தது

அவரைத் தனியாக அழைத்துப் பேசினேன். உயரம் 178 செ.மீ. இரு கைகளையும் விரித்து அளந்தால் 187. கை விரிப்பு உயரத்தைவிட ஐந்து செ.மீ.க்கு மேல் கூடியிருந்தால், பருவம் தாமதமாக வந்தது அல்லது வரவே இல்லை என்று சந்தேகிக்க வேண்டும். எலும்பு முனைகளை மூடவைக்கும் ஹார்மோன் நேரத்துக்கு வராததால் கைகால்கள் வளர்ந்துகொண்டே போயிருக்கும். மீசையும் தாடியும் இருந்தன, ஆனால் அடர்த்தி குறைவு.

விரையின் அளவைப் பார்க்க எங்களிடம் முட்டை வடிவ மணிகள் கோத்த ஒரு சரம் உண்டு. 1 மில்லியில் தொடங்கி 25 மில்லி வரை போகும். ஒரு கையில் விரையையும் மறு கையில் மணியையும் பிடித்து ஒப்பிட வேண்டும். வளர்ந்த ஆணுக்கு 15 மில்லியும் அதற்கு மேலும் இருக்கும். இவருக்கு இரண்டு பக்கமும் 3 மில்லி. பருவம் எய்தாத சிறுவனின் அளவு அது. விந்துக்குழாய்கள் இரண்டும் கைக்குத் தட்டுப்பட்டன.

எப்போது மீசை முளைத்தது என்று கேட்டேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். பிளஸ் டூ முடித்த பிறகும் குரல் உடையவில்லை, மீசை அரும்பவில்லை. 19 வயதில் அப்பா ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி போடச் சொன்னார்கள். போட்ட சில மாதங்களில் மீசை வந்தது, குரல் தடித்தது. ‘மீசை ஊசி’ என்றுதான் அப்பா அதைச் சொல்வாராம். அதுமுதல் இன்றுவரை நிறுத்தவில்லை. அப்பா இறந்த பிறகு அது அவர் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த விஷயமாகிப் போனது. சட்டைப் பையிலிருந்து காலி மருந்துக்குப்பி ஒன்றை எடுத்துக் காட்டினார். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன், 250 மில்லிகிராம்.

அவர் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. கல்யாணம் பண்ணலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார், உறவில் தடையில்லை. குழந்தை பிறப்பதற்கும் அந்த ஊசியே போதும் என்று நம்பியிருந்தார். விந்து மாதிரி கொடுத்த இரண்டு முறையும், என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை.

இதை அழுத்திச் சொல்ல வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் ஊசி ஆண்மைக்கான அடையாளங்களைத் தரும், விந்தணுவைத் தராது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, எஃப்.எஸ்.எச்., எல்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை அனுப்பித்தான் விரையை வேலை செய்யவைக்கிறது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் பிட்யூட்டரி அனுப்புவதை நிறுத்திவிடும். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் நிறைய இருக்கும், விந்தணு உருவாகும் விரைக்குள் மட்டும் வறண்டிருக்கும். நல்ல உடல்நிலையில் உள்ளவருக்கும் இதே கதிதான். உடம்பு ஏற்ற ஜிம்மில் யாரோ சொன்னார்கள் என்று இந்த ஊசியைப் போட்டுக்கொண்டு, கல்யாணத்துக்குப் பிறகு விந்தணு இல்லை என்று வரும் பையன்களை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். நிறுத்தினால் பெரும்பாலோருக்குத் திரும்பும், ஆனால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

மனைவியிடம் தானே சொல்வதாகவும், சொல்லும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். சொன்னார். மனைவி அழவில்லை, சண்டையும் போடவில்லை. என்னைப் பார்த்து, “அப்போ எனக்கு இத்தனை மாத்திரை எதுக்குக் குடுத்தாவ?” என்று மட்டும் கேட்டார். அவசியமே இல்லாமல் கொடுத்தார்கள் என்று நேராகவே சொன்னேன். அந்தப் பதில் அவருக்குச் சேர வேண்டியது.

விந்தணு இல்லாமல் போவதற்கு மூன்று வகைக் காரணங்கள் உண்டு. உற்பத்தி சரியாக நடந்தும் வெளிவரும் பாதை அடைபட்டிருக்கலாம். அப்போது விரையின் அளவும் எஃப்.எஸ்.எச். அளவும் சாதாரணமாக இருக்கும். விரையே பழுதாகியிருக்கலாம், அப்போது பிட்யூட்டரி மேலும் மேலும் தூண்டிப் பார்ப்பதால் எஃப்.எஸ்.எச். ஏறியிருக்கும். மூன்றாவது வகையில் விரை நன்றாகத்தான் இருக்கும், மேலிருந்து ஆணை வராது, எஃப்.எஸ்.எச்., எல்.எச். இரண்டும் அடிமட்டத்தில் இருக்கும். மூன்றிலும் அரிதானது இது, மருந்துக்கு மிக நன்றாகக் கேட்பதும் இதுதான். எந்த வகை என்று பிரித்துச் சொல்ல, உடல் பரிசோதனையும் ஒரு ரத்தப் பரிசோதனையும்தான் முதலில் வேண்டும்.

மணம்

டெஸ்டோஸ்டிரோனை நிறுத்தி மூன்று மாதம் கழித்து ரத்தம் எடுத்தோம். அந்த மூன்று மாதமும் அவருக்குச் சோர்வாக இருக்கும், உறவில் நாட்டம் குறையும் என்று இருவரிடமும் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். எஃப்.எஸ்.எச். 0.5, எல்.எச். 0.2, டெஸ்டோஸ்டிரோன் 38. மூன்றும் அடிமட்டம், அதாவது மேலே சொன்ன மூன்றாவது வகை. வளர்ந்த ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோன் 300க்கு மேல் இருக்க வேண்டும். பிட்யூட்டரியின் மற்ற ஹார்மோன்கள் சரியாக இருந்தன. குரோமோசோம் 46 எக்ஸ்‌ஒய், ஆணுக்கு உரியது.

வாசனை தெரியுமா என்று கேட்டேன். “அடிக்கடி சளி பிடிக்கும், அதனால கொஞ்சம் கம்மிதான்” என்றார். பிறவியிலேயே மோப்பம் இல்லாதவர்களுக்குத் தங்களிடம் என்ன இல்லை என்பதே தெரியாது. மனைவிதான் குறுக்கிட்டார். “அவியளுக்கு மூக்கு வேலையே செய்யாது டாக்டரம்மா. அடுப்புல பால் அடிப்பிடிச்சு வீடே நாறும், பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருப்பாவ.” நெல்லை ஊறவைக்கும் தொட்டியில் தண்ணீர் புளித்து வரும் நாற்றத்துக்கு ஆலையில் எல்லோரும் துண்டால் மூக்கைக் கட்டிக்கொள்வார்களாம்; இவர் தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து மதியச் சாப்பாட்டை முடித்துவிடுவாராம்.

சின்னக் குப்பிகளில் காப்பித்தூள், கிராம்பு, பெருங்காயம், மல்லிகைப் பூ வைத்துக் கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொன்றாக நீட்டினோம். எதுவும் தெரியவில்லை. அம்மோனியாவை நீட்டியதும் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அது வாசனை இல்லை, எரிச்சல். வேறு நரம்பு வழியாகப் போவது. அம்மோனியாவை வைத்து மோப்பம் இருக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் மூளையின் அடியில் இருக்க வேண்டிய மோப்பக் குமிழ்கள் இரண்டும் இல்லை. பிட்யூட்டரி நன்றாக இருந்தது. வயிற்று ஸ்கேனில் இடது சிறுநீரகம் பிறவியிலேயே இல்லை. வலது சற்றுப் பெரிதாகி இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டிருந்தது.

இதற்குக் கால்மன் நோய்க்குறித்தொகுப்பு என்று பெயர். 1944இல் கால்மனும் உடன் ஆய்வு செய்தவர்களும் இது குடும்பங்களில் தொடர்வதைப் பதிவு செய்தார்கள். மோப்பமின்மையும் வளராத பிறப்புறுப்பும் சேர்ந்து இருப்பதை ஸ்பெயின் நாட்டு மருத்துவர் ஒருவர் 1856லேயே எழுதியிருக்கிறார். ஆண்களில் சுமார் 30,000 பேரில் ஒருவருக்கு வரும். மூக்குக்கும் விரைக்கும் என்ன சம்பந்தம் என்று இருவரும் கேட்டார்கள். கரு வளரும்போது, பருவத்தைத் தொடங்கிவைக்கும் நரம்பணுக்கள் மூக்குப் பகுதியில்தான் உருவாகின்றன. அங்கிருந்து மோப்ப நரம்பின் வழியே நகர்ந்து மூளைக்குள் போய்ச் சேர வேண்டும். அந்த நரம்பு சரியாக உருவாகாவிட்டால் இவை வழியிலேயே நின்றுவிடும். வாசனையும் தெரியாது, பருவமும் வராது. இதை ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினேன். அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

குடும்பம்

மரபுவழி கேட்பதற்காக மாமியாரை உள்ளே அழைத்தோம், மகனின் சம்மதத்தோடு. உங்கள் பக்கத்தில் யாருக்காவது வாசனை தெரியாமல், மீசை முளைக்காமல் இருந்ததா என்று கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. அவருடைய தம்பி ஒருவர் இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைசிவரை மீசை இல்லை. ஊரில் வைத்த பட்டப்பெயரை என்னிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. “எந்தம்பிய ஊரே கேலி பண்ணிச்சு டாக்டரம்மா. இது ஒரு சீக்குன்னு ஒருத்தரும் சொல்லலியே” என்று அழுதார். மருமகள்தான் எழுந்துபோய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

தாய்மாமனுக்கும் மருமகனுக்கும் இருப்பது, ஒரு சிறுநீரகம் இல்லாதது இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், இது எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும் வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மரபணுப் பரிசோதனை செய்ய அவர்களுக்கு வசதி இல்லை, சிகிச்சையும் அதனால் மாறப்போவதில்லை. இந்த வகையில் தாய் பாதிக்கப்படாமலே அதைச் சுமப்பார். இதைச் சொல்லும்போது வார்த்தையைக் கவனமாக எடுக்க வேண்டியிருந்தது. இத்தனை வருடம் மருமகள் மேல் இருந்த பழி அப்படியே மாமியார் மேல் போய் உட்கார்ந்துவிடக் கூடாது. மரபணுவை யாரும் தேர்ந்தெடுத்து வாங்கி வருவதில்லை என்பதை இரண்டு பெண்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னேன்.

சிகிச்சை

எல்.எச். செய்யும் வேலையை எச்.சி.ஜி. ஊசி செய்யும். 2,000 யூனிட், திங்கள், புதன், வெள்ளி. வயிற்றுத் தோலுக்கடியில் தானே போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுத்தோம். விரை மிகச் சிறியதாக இருப்பவர்களுக்கு எஃப்.எஸ்.எச்.ஐ முதலில் கொடுத்துத் தொடங்குவது மேல் என்று சொல்லும் வல்லுநர்களும் உண்டு. அந்த மருந்தின் விலையை நினைத்து, இவருக்கு எச்.சி.ஜி.யில் தொடங்கினோம். மூன்றாம் மாதம் டெஸ்டோஸ்டிரோன் 420க்கு வந்தது. இந்த முறை அது அவருடைய விரையே சுரந்தது. ஆறாம் மாதமும் விந்தணு இல்லை. இதை எதிர்பார்த்தே இருந்தோம். அதே மூன்று நாட்களில் 150 யூனிட் எஃப்.எஸ்.எச். சேர்த்தோம்.

மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். வீட்டில் பிரிட்ஜ் இல்லை. பக்கத்து வீட்டு பிரிட்ஜில் ஒரு எவர்சில்வர் டப்பாவில் வைத்தார்கள். என்ன ஊசி என்று கேட்டதற்குச் சர்க்கரைக்கு என்று சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு அந்த வீட்டு ஆச்சி இவரைப் பார்க்கும்போதெல்லாம் பாகற்காய் சாப்பிடச் சொன்னாராம். பணத்துக்கு ஆலையில் முன்பணம் வாங்கினார்கள்; மனைவி கூடுதலாகப் பீடி சுற்றினார். குழந்தையின்மைச் சிகிச்சையில் ஊசியின் வலியைவிட அதை ஊருக்கு மறைக்கும் பாடுதான் பெரிது என்பதை இந்த வீட்டில் நன்றாகப் பார்த்தேன். “விசேஷம் ஏதும் உண்டா?” என்ற கேள்விக்குப் பயந்தே ஒரு வருடம் எந்தக் கல்யாண வீட்டுக்கும் இருவரும் போகவில்லை.

ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ 74 நாள் ஆகும், வெளியே வர இன்னும் சில வாரம். அதனால் மாதாமாதம் பரிசோதித்து ஏமாற வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும் என்று சொல்லியிருந்தேன். இந்தச் சிகிச்சையில் சிலருக்கு இரண்டு வருடம்கூட ஆகும். இவருக்குப் பதினோராம் மாதம், சுழற்றிப் படியவைத்த துளியில் நான்கு விந்தணுக்கள் தெரிந்தன. ஒன்று அசைந்தது. லேப் டெக்னீஷியன் அவரை உள்ளே அழைத்து மைக்ரோஸ்கோப்பில் காட்டினார். பதினைந்தாம் மாதம் மில்லிக்கு 18 லட்சம். அன்றே ஒரு பகுதியை உறைநிலையில் சேமித்தோம், பிறகு தேவைப்பட்டால் இக்சி முறைக்கு, அதாவது ஒரு விந்தணுவை நேராகக் கருமுட்டைக்குள் செலுத்தும் முறைக்கு, உதவும் என்று. பதினெட்டாம் மாதம் 50 லட்சம், அசைவு 40 சதவீதம். விரை 9 மில்லி.

மனைவிக்குக் கருமுட்டை தானாகவே வெளியாவதால் மாத்திரை எதுவும் கொடுக்கவில்லை. முட்டை 19 மில்லிமீட்டர் வந்ததும் உடையும் ஊசி போட்டு, சுமார் 36 மணி நேரத்தில் விந்தைக் கழுவிக் கருப்பைக்குள் செலுத்தினோம். இரண்டு மாதம் செய்தும் தங்கவில்லை. அடுத்தது இக்சி என்று பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு மாதம் ஓய்வு கேட்டார்கள். இருபதாம் மாதம் நாள் தள்ளிப்போய், இயல்பாகவே கரு தங்கியிருந்தது. எண்ணிக்கை கீழ் எல்லைக்கு மிகக் கீழே இருந்தும் இப்படி நடக்கும். இவ்வகை ஆண்களுக்கு விந்தணு குறைவாக வந்தாலும் அதன் தரம் நன்றாகவே இருக்கும்.

மாமியார் சங்கரன்கோவிலில் ஆடித்தபசு பார்த்துவிட்டுப் புற்றுமண் வாங்கி வந்திருந்தார். மருமகளுக்குக் கொடுக்கலாமா என்று என்னிடம் கேட்டார். நெற்றியில் தாராளமாக இட்டுவிடுங்கள், மாசமாக இருக்கும் பிள்ளை வாயில் போட வேண்டாம் என்றேன். அப்படியே செய்தார். நிறைமாதத்தில் பெண் குழந்தை, 2.8 கிலோ.

கொடையாளர் விந்து தவறான வழி இல்லை. விரையே பழுதாகிப்போய், வேறு வழியில்லாத தம்பதிகளுக்கு அது நல்ல வழி. 2021ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு பெற்ற வங்கியிலிருந்து, எழுத்துமூலச் சம்மதத்தோடு அதைச் செய்யலாம். காரணத்தைத் தேடாமலே அதை முதல் யோசனையாக வைப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன். பையனுக்கு 14 வயது தாண்டியும் விரை வளரத் தொடங்கவில்லை என்றால் அப்போதே ஹார்மோன் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பிறந்தபோதே விரை இறங்காமல் இருந்ததா, வாசனை தெரிகிறதா என்பதையும் பெற்றோர் சொல்ல வேண்டும்.

இப்போது

இரண்டாவது குழந்தைக்கு ஆசைப்படுகிறார்கள். அதனால் டெஸ்டோஸ்டிரோனுக்குத் திரும்பவில்லை. எஃப்.எஸ்.எச்.ஐ நிறுத்திவிட்டு எச்.சி.ஜி. மட்டும் போடுகிறார், கடைசியாகப் பார்த்தபோது மில்லிக்கு 30 லட்சம் விந்தணு இருந்தது. எலும்பு அடர்த்தி குறைவாக இருப்பதால் கால்சியமும் வைட்டமின் டியும் சாப்பிடுகிறார். ஒற்றைச் சிறுநீரகத்துக்காக, வலி மாத்திரையைக் கடையில் தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது என்று சொல்லியிருக்கிறோம். மோப்பம் வரவில்லை, வராது. சமையல் கேஸ் கசிந்தால் ஒலி எழுப்பும் கருவி ஒன்றை வீட்டில் மாட்டியிருக்கிறார்கள்.

எக்ஸ் வழி வகை என்றால் தந்தையின் எக்ஸ் மகளுக்கு வந்தே தீரும். அவள் நலமாக இருப்பாள், ஆனால் அவளுக்குப் பிறக்கும் ஒவ்வொரு ஆண் குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. இதை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, அவள் வளர்ந்த பிறகு கொடுக்கச் சொல்லி, தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வைக்கும்படி அவள் அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன்.